அதே 1080 பிக்சல் அகலம், மூன்று போனில் மூன்று விதமாக வருகிறது: டிபி கணக்கு எங்கே இடிக்கிறது?

#1 ஓலைப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. ஒரு இனிப்புக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறேன், ஜெட்பேக் கம்போஸில் (திரைகளைக் கோடாக எழுதும் கருவித்தொகுப்பு). டிசைனர் ஃபிக்மாவில் (டிசைன் வரையும் மென்பொருள்) 1080 அகலத்தில் படம் கொடுத்தார். என் போனும் 1080 × 2400. பிக்சலை 3-ஆல் வகுத்தால் டிபி (திரை அடர்த்தியைச் சாராத ஆண்ட்ராய்டு அளவு அலகு) வரும் என்று எங்கோ படித்திருந்தேன், அப்படியே வகுத்துப் போட்டேன். வரிசைக்கு மூன்று கார்டு, ஒவ்வொன்றும் 104 டிபி. இடையிலும் இரண்டு ஓரத்திலும் 12 டிபி. 104 × 3 = 312, 12 × 4 = 48, கூட்டினால் 360. என் போனில் கச்சிதமாக உட்கார்ந்தது.

கடைக்காரர் போனில் வலது பக்கம் சும்மா காலியாகக் கிடக்கிறது. அப்பா போனில் மூன்றாவது கார்டு வெட்டுப்பட்டு நிற்கிறது, விலையே தெரியவில்லை. இரண்டும் 1080 அகலம்தான், ஸ்பெக்கில் பார்த்துவிட்டேன். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி வரத்தானே டிபி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? அப்புறம் ஏன் இப்படி?

#2 செமிகோலன்

மூன்றால் வகுப்பது உங்கள் போனுக்கு மட்டும் சரி. அப்பா போனில் செட்டிங்ஸ் போய் டிஸ்பிளே சைஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பெரிதாக்கி வைத்திருப்பார். பிறகு மூன்று போனையும் கேபிளில் கணினியோடு மாட்டி, போனின் டென்சிட்டி எண்ணைக் காட்டும் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள், வருவதை இங்கே போடுங்கள்:

ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி

#3 ஓலைப்பெட்டி

என் போன்: பிசிக்கல் டென்சிட்டி 480
கடைக்காரர்: பிசிக்கல் டென்சிட்டி 420
அப்பா: பிசிக்கல் டென்சிட்டி 480, ஓவர்ரைடு டென்சிட்டி 540

நீங்கள் சொன்னது சரிதான் அண்ணா, அப்பா கண் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரு படி பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஆனால் கடைக்காரர் எதையும் தொடவே இல்லை என்கிறார். என்னுடையது, அவருடையது இரண்டும் 6.5 அங்குலம், ஸ்பெக்கில் இரண்டுக்கும் 405 பிபிஐ. அப்படியென்றால் 480 எங்கிருந்து வந்தது, 420 எங்கிருந்து வந்தது?

#4 பழைய_ஆண்ட்ராய்டு

தம்பி, நீங்களே நுனியைப் பிடித்துவிட்டீர்கள். 405 என்பது கண்ணாடியில் அங்குலத்துக்கு உண்மையிலேயே எத்தனை பிக்சல் இருக்கிறது என்ற அளவு. 480-ம் 420-ம் போனைத் தயாரித்தவர் உட்கார்ந்து முடிவு செய்து சிஸ்டத்தில் எழுதி வைத்த எண். டபிள்யூஎம் அதற்கு பிசிக்கல் என்று பெயர் போட்டுக் காட்டினாலும், ஸ்கேல் வைத்து யாரும் அளக்கவில்லை. ஆண்ட்ராய்டு டிபி கணக்குக்கு எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

பிக்சல் = டிபி × டென்சிட்டி ÷ 160

இதைத் திருப்பிப் போட்டு உங்கள் மூன்று போனையும் பாருங்கள். 1080-ஐ 480/160-ஆல், அதாவது 3-ஆல் வகுத்தால் 360 டிபி. கடைக்காரருக்கு 420/160, அதாவது 2.625. வகுத்தால் 411 டிபி. உங்கள் 360 போக 51 டிபி மிச்சம், அதுதான் வலது பக்கக் காலி. அப்பாவுக்கு 540/160 = 3.375, வகுத்தால் 320 டிபி. 360-ஐ 320-க்குள் திணித்தால் 40 டிபி வெளியே போகத்தான் செய்யும். ஆக டிபி கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. திரையின் அகலம் 360 என்று நீங்கள் முடிவு கட்டியதுதான் இடிக்கிறது.

தயாரிப்பாளர் ஏன் இஷ்டத்துக்கு எண் வைக்கிறார் என்று கேட்பீர்கள். கூகுளே வைத்திருக்கிறது. 2013-இல் வந்த நெக்சஸ் 5, 4.95 அங்குலம், 1080 × 1920. 2016-இல் வந்த முதல் பிக்சல் போன், 5 அங்குலம், அதே 1080 × 1920. கையில் வைத்தால் திரை அளவில் வித்தியாசம் தெரியாது. முதலாவதற்கு 480 வைத்தார்கள், அது 360 டிபி அகலம். இரண்டாவதற்கு 420, அது 411 டிபி. பின்னதில் எல்லாம் கொஞ்சம் சின்னதாகி, திரையில் அதிகம் கொள்ளும். இது ஒரு ரசனை முடிவு, அவ்வளவுதான்.

அந்த 160 எங்கிருந்து வந்தது என்பதும் வேடிக்கை. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஹெச்டிசி ட்ரீம், 320 × 480, 3.2 அங்குலம். அப்போது ஒரு டிபி, ஒரு பிக்சல். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 1.6 வந்து வேறு வேறு டென்சிட்டித் திரைகளுக்கு வழிவிட்டபோது 160 அடிப்படை ஆனது. ஆனால் அந்த ஹெச்டிசி திரையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உண்மையில் அங்குலத்துக்கு 180 பிக்சல் வரும். பிறந்த வீட்டிலேயே இந்த எண் தோராயம்தான்.

#5 ஓலைப்பெட்டி

இப்போது புரிகிறது. ஆனால் ஒன்று. அப்படியென்றால் 48 டிபி பட்டன் எல்லாப் போனிலும் ஒரே சைஸ் என்று சொல்வது பொய்யா?

#6 பழைய_ஆண்ட்ராய்டு

கிட்டத்தட்ட ஒரே சைஸ் என்று சொல்லுங்கள். அதே இரண்டு போன். நெக்சஸ் 5-இல் 48 டிபி என்பது 144 பிக்சல், அதன் திரை 445 பிபிஐ, ஆக 8.2 மில்லிமீட்டர். பிக்சல் போனில் 126 பிக்சல், 441 பிபிஐ, ஆக 7.3 மில்லிமீட்டர். விரலுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டிபி இல்லாமல் 144 பிக்சல் என்று நேரடியாக எழுதியிருந்தால் அந்தக் காலத்து ஹெச்டிசியில் திரை அகலத்தில் கிட்டத்தட்ட பாதியை ஒரு பட்டனே அடைத்திருக்கும். டிபி காப்பாற்றுவது அந்த அளவு கோளாறிலிருந்துதான், மில்லிமீட்டர் சுத்தத்துக்கு அது உத்தரவாதம் தராது.

#7 செமிகோலன்

கிரிட் விஷயத்துக்கு வருகிறேன். கார்டு அகலத்தை 104 என்று கட்டாதீர்கள், குறைந்தது 104 என்று சொல்லுங்கள். கம்போஸின் லேஸி வெர்ட்டிக்கல் கிரிட்டில் கிரிட்செல்ஸ்.அடாப்டிவ் கொடுத்து மினிமம் சைஸ் 104.டிபி. இரண்டு ஓரமும் 12 பேடிங், இடையில் 12 ஸ்பேசிங். எத்தனை கார்டு கொள்ளும் என்று அதுவே பார்த்து, மிச்சத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும்.

உங்கள் போனில் 3 கார்டு, தலா 104.
கடைக்காரர் போனில் 3 கார்டு, தலா 121. காலி இருக்காது.
அப்பா போனில் 2 கார்டு, தலா 142. வெட்டு இருக்காது.

சோதிக்க மூன்று போன் தேவையில்லை. உங்கள் போனிலேயே டபிள்யூஎம் டென்சிட்டி 540 என்று கொடுத்துப் பாருங்கள், அப்பா போன் வந்துவிடும். முடித்ததும் டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட் அடிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்று சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. டிஸ்பிளே சைஸ் வசதி ஆண்ட்ராய்டு 7-இல் வந்தது. பயனர் எவ்வளவு பெரிதாக்கினாலும் குறைந்தபட்ச அகலம் 320 டிபிக்குக் கீழே போக அது விடாது. அதனால் 320-இல் உங்கள் திரை நின்றுவிட்டால் சாதாரணப் போன்களுக்குத் தைரியமாக அனுப்பலாம்.

#8 கீழடுக்கு

இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் ப்ரோ. கம்போஸ் இல்லாமல் பழைய எக்ஸ்எம்எல் முறையில் எழுதிய திரையாக இருந்தால் எஸ்டிபி லைப்ரரி போடுங்கள். திரை அகலத்துக்கு ஏற்ப எல்லாம் தானாகப் பெரிதாகும், சிறிதாகும். நாங்கள் எல்லா ப்ராஜெக்டிலும் அதைத்தான் போடுகிறோம், டிசைன் ஒரு மில்லி நகராது. கம்போஸுக்கும் அதே யோசனையை எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனாக எழுதிவிடலாம்.

#9 பழைய_ஆண்ட்ராய்டு

கீழடுக்கு, போனுக்குள் மட்டும் வாழ்கிற ஆப் என்றால் அதில் பிழைத்துப்போகலாம். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து போடுங்கள். அகலம் 300 டிபி என்றால் 1 எஸ்டிபி = 1 டிபி. அகலம் 600 டிபி டேப்லெட் என்றால் 1 எஸ்டிபி = 2 டிபி. 16 என்று வைத்த பேடிங் 32 ஆகிவிடும், ஐகான் இரண்டு மடங்கு, பட்டன் இரண்டு மடங்கு. டேப்லெட் வாங்கியவர் திரையில் அதிகம் பார்க்கத்தான் வாங்கினார். நீங்கள் அதே நான்கு இனிப்பைப் பூதாகரமாகக் காட்டுகிறீர்கள்.

ஓலைப்பெட்டி அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் மோசம். அவர் டிஸ்பிளே சைஸைக் கூட்டியதால் அகலம் 360-இலிருந்து 320 ஆனது. எஸ்டிபி உடனே “ஓ, சின்னத் திரை” என்று எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடும். பெரிதாக வேண்டும் என்று மனிதர் கேட்டதை லைப்ரரி சத்தமில்லாமல் ரத்து செய்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைத் தொடுவதில்லை.

#10 கீழடுக்கு

அந்த இரண்டாவது பாயின்ட் நியாயம்தான். டேப்லெட் விஷயத்தில் எனக்கு இன்னும் கருத்து வேறுபாடு உண்டு, எங்கள் கிளையன்ட்கள் யாரும் டேப்லெட்டைக் கையால் தொட்டதில்லை.

#11 வடிவக்காரி

டிசைன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 1080 அகல ஃபிரேமில் வரைந்து கொடுத்த டிசைனரிடம் அன்பாகப் பேசி 360 அல்லது 412-க்கு மாற்றச் சொல்லுங்கள். 1080-இல் வரைந்தால் அவர் 50 என்று வைப்பார், நீங்கள் 16.67 டிபி என்று எழுதுவீர்கள், அப்புறம் இருவரும் சண்டை போடுவீர்கள். 360-இல் வரைந்தால் ஃபிக்மாவின் ஒரு அலகு அப்படியே ஒரு டிபி. படங்களை மட்டும் 1.5, 2, 3, 4 மடங்கில் எக்ஸ்போர்ட் செய்யலாம். ஐகான்களுக்கு அதுவும் வேண்டாம், வெக்டராகக் கொடுத்தால் போதும்.

ஐஃபோனுக்கும் அதே ஃபைலைக் கொடுப்பவர்களுக்கு: அங்கே டிபிக்குப் பதில் பாயின்ட். யோசனை ஒன்றேதான், ஆனால் அளவு ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் குழப்பம் குறைவு. 2010-இல் ஐஃபோன் 4 வந்தபோது 163 பிபிஐ நேராக 326 ஆனது, ஒரு பாயின்ட் இரண்டு பிக்சல், முடிந்தது கதை. அவர்களுக்கும் 2014-இல் 6 பிளஸ் வந்து கொஞ்சம் சறுக்கியது. மூன்று மடங்கில் 1242 × 2208-க்கு வரைந்து, அதை 1080 × 1920 திரைக்குச் சுருக்கிக் காட்டினார்கள். அந்தப் போனில் நான் எவ்வளவு கவனமாக ஒரு பிக்சல் கோடு போட்டாலும் லேசாக மங்கித்தான் தெரியும்.

#12 நள்ளிரவு_பில்ட்

டிபியில் எழுதியும் பிக்சல் வந்து மாட்டும் இடங்கள் சில உண்டு, இழையில் பதிந்து வைக்கிறேன். யாராவது தேடி வருவார்கள்.

கம்போஸுக்கு முந்தைய பழைய வியூ முறையில் செட்பேடிங் கேட்பது பிக்சல். செட்டெக்ஸ்ட்சைஸ் கேட்பது எஸ்பி (டிபி போன்றதுதான், ஆனால் பயனரின் ஃபான்ட் சைஸோடும் மாறும் எழுத்து அலகு). ரிசோர்ஸிலிருந்து கெட்டைமென்ஷன் திருப்பித் தருவது பிக்சல். இப்போது 16 எஸ்பியை கெட்டைமென்ஷனில் எடுத்து அப்படியே செட்டெக்ஸ்ட்சைஸுக்குக் கொடுத்தால்? 3 மடங்கு போனில் 48 வரும், அதை செட்டெக்ஸ்ட்சைஸ் 48 எஸ்பி என்று எடுத்துக்கொண்டு 144 பிக்சலில் எழுத்து போடும். எழுத்து திடீரென்று ராட்சசனாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேன்வாஸில் நீங்களே வரைவது எல்லாம் பிக்சல்.

அப்புறம் படம். ஆப்பின் படங்களை வைக்கும் டிராயபிள் ஃபோல்டரில், பெயரில் டென்சிட்டி அடைமொழி எதுவும் இல்லாமல் போடும் படத்தை ஆண்ட்ராய்டு 160 டென்சிட்டிப் படம் என்று எடுத்துக்கொள்ளும். 1080 × 1920 பின்னணிப் படம் ஒன்றை அங்கே போட்டு, பிட்மேப்ஃபேக்டரி.டிகோட்ரிசோர்ஸ் வழியாக எடுத்தால், 480 போனில் அது 3240 × 5760 ஆக ஊதும். பிக்சலுக்கு 4 பைட் வீதம் 71 எம்பி. 1440 அகலத் திரையோடு 640 டென்சிட்டி வைத்த போனில் 4320 × 7680, அதாவது சுமார் 127 எம்பி. பல ஆண்ட்ராய்டு பதிப்புகளில் பிட்மேப் 100 எம்பியைத் தாண்டினால் கேன்வாஸ் வரையவே மறுத்து ஆப் விழுந்துவிடும். “விலை உயர்ந்த போனில் மட்டும் கிராஷ் ஆகிறது சார்” என்று புகார் வந்தால் இதையும் ஒரு பார்வை பாருங்கள். படத்தை 480 டென்சிட்டிக்கான டிராயபிள்-எக்ஸ்எக்ஸ்ஹெச்டிபிஐ ஃபோல்டருக்கு நகர்த்தினாலே 480 போனில் உள்ளது உள்ளபடி இறங்கும். அடைமொழியில் நோடிபிஐ போட்டால் எங்கேயும் ஊதாது.

டென்சிட்டியை ஒரு ஸ்டாட்டிக் மாறிலியில் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயனர் டிஸ்பிளே சைஸ் மாற்றலாம், வெளி மானிட்டரில் மாட்டலாம்.

#13 ஓலைப்பெட்டி

அடாப்டிவ் போட்டேன், மூன்று போனிலும் கச்சிதம். செமிகோலன் அண்ணா, பழைய_ஆண்ட்ராய்டு அண்ணா, நன்றி.

இப்போது அப்பா போனில் இன்னொன்று. கார்டில் இனிப்பின் பெயருக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். எழுத்து 14 எஸ்பி, வரி உயரம் 20 எஸ்பி, அதனால் பெட்டிக்கு 40 டிபி உயரம். “முந்திரி ஜாங்கிரி” என்று இரண்டு வரியில் வரும்போது கீழ் வரியின் அடிப்பாகம் வெட்டுப்படுகிறது. ஆங்கிலப் பெயர் வைத்தால் அவ்வளவு தெரியவில்லை. ஃபான்ட் கோளாறா?

#14 செமிகோலன்

அப்பா ஃபான்ட் சைஸையும் கூட்டியிருக்கிறார். டிஸ்பிளே சைஸ் வேறு, ஃபான்ட் சைஸ் வேறு. முன்னது டிபி, எஸ்பி இரண்டையும் பெரிதாக்கும், பின்னது எஸ்பியை மட்டும். ஃபான்ட் 1.3 மடங்கு என்றால் உங்கள் இரண்டு வரி 40-லிருந்து 52 ஆகிறது, பெட்டி 40-லேயே நிற்கிறது. உயரத்தைக் கட்டாமல் ஹைட்இன் போட்டு மினிமம் 40.டிபி என்று விடுங்கள்.

ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை கூட்டலாம். அதுவும் நேர்க்கோட்டில் இல்லை: சின்ன எழுத்து நன்றாக வளரும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு அவ்வளவு வளராது. ஆகவே எஸ்பியை ஃபான்ட்ஸ்கேலால் நீங்களே பெருக்கிக் கணக்குப் போடும் பழைய கோடு ஏதாவது இருந்தால் தூக்கிவிடுங்கள்.

#15 வடிவக்காரி

ஆங்கிலத்தில் ஏன் தெரியவில்லை என்றால், ஆங்கில எழுத்தில் கோட்டுக்குக் கீழே இறங்குபவை சில எழுத்துகள்தான். தமிழில் ‘மு’, ‘ஞ’, ‘ரி’, ‘ழு’ என்று வரிக்கு வரி ஏதாவது கீழே இறங்கும், மேலே புள்ளியும் ‘கீ’யின் கொக்கியும் வேறு. வெட்டினால் முதலில் போவது நம் எழுத்துதான். பெயர்களும் நீளம், இரண்டு வரி என்று வைத்த இடம் மூன்றாகும். டிசைன் செய்யும்போதே “லட்டு” என்று எழுதிப் பார்க்காமல், பட்டியலில் இருப்பதிலேயே நீளமான பெயரை எழுதிப் பாருங்கள்.

#16 பழைய_ஆண்ட்ராய்டு

வடிவக்காரி சொன்னதோடு ஒன்று. பழைய டெக்ஸ்ட்வியூ பயன்படுத்துபவர்கள் எலிகன்ட்டெக்ஸ்ட்ஹைட் என்ற பண்பைத் தெரிந்து வைத்திருங்கள். உயரம் அதிகம் கேட்கும் எழுத்துமுறைகளைச் சாதாரண வரிக்குள் அடக்குவதற்கென்று ஆண்ட்ராய்டு நெருக்கிய அளவுகளை வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்தால் இந்தப் பண்பு தானாகவே ட்ரூ ஆகிவிடும். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, மலையாளம், தெலுங்கு, கன்னடமும் இருக்கின்றன. எழுத்து மூச்சு விடும், ஆனால் வரி உயரமாகும். டார்கெட்டை 35-க்கு (ஆண்ட்ராய்டு 15-இன் எண்) ஏற்றியதும் தமிழ்த் திரை மட்டும் நீண்டுவிட்டது என்று தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். நான் அதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்ல மாட்டேன், பெட்டியைத் தளர்த்துங்கள்.

#17 நள்ளிரவு_பில்ட்

ஒரு கிளையன்ட் எங்களிடம் “எழுத்தையும் டிபியிலேயே போடுங்கள், அப்போதுதான் யார் எதைக் கூட்டினாலும் டிசைன் கலையாது” என்று ஒற்றைக் காலில் நின்றார். போட்டோம். ஃபான்ட் கூட்டி வைத்திருக்கும் ஆட்கள் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்ப எஸ்பிக்கு மாற்ற அவரே பணம் கட்டினார். ஆட்சேபணை இல்லை.

#18 தங்கத்தட்டு

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், பக்கத்துக் கேள்விதான். நகைக் கடைக்கு மோதிர அளவு பார்க்கும் பக்கம் ஒன்று செய்கிறேன். திரையில் வட்டம் காட்ட வேண்டும், வாடிக்கையாளர் தன் பழைய மோதிரத்தை அதன்மேல் வைத்து அளவு பார்ப்பார். உள்விட்டம் 16.5 மில்லிமீட்டர் என்றால் திரையில் நிஜமாகவே 16.5 வர வேண்டும். 160 டிபி ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டால் வட்டம் பெரிதாக வருகிறது.

#19 பழைய_ஆண்ட்ராய்டு

வரத்தான் செய்யும். ஓலைப்பெட்டி போனையே எடுத்துக்கொள்ளுங்கள். 480 டென்சிட்டி என்பதால் நீங்கள் மில்லிமீட்டருக்கு 18.9 பிக்சல் என்று போடுவீர்கள், 16.5-க்கு 312 பிக்சல். ஆனால் கண்ணாடி 405 பிபிஐ, மில்லிமீட்டருக்கு 15.9 பிக்சல்தான். 312 பிக்சல் வட்டம் 19.6 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவில் மோதிரம் செய்து கொடுத்தால் கட்டைவிரலுக்குத்தான் போட வேண்டும்.

டிஸ்பிளேமெட்ரிக்ஸில் எக்ஸ்டிபிஐ, ஒய்டிபிஐ என்று இரண்டு மதிப்பு உண்டு, உண்மையான அடர்த்தியைச் சொல்வதற்காகவே வைத்தவை. ஆனால் அதையும் தயாரிப்பாளர்தான் நிரப்ப வேண்டும். சில போன்களில் டென்சிட்டி எண்ணையே அங்கும் எழுதி வைத்திருப்பார்கள். தங்கம் விற்கும் இடத்தில் அதை நம்பாதீர்கள்.

#20 தங்கத்தட்டு

அப்படியானால் வழியே இல்லையா அண்ணா?

#21 செமிகோலன்

ஏடிஎம் கார்டு. உலகம் முழுக்க ஒரே அளவு: 85.60 × 53.98 மில்லிமீட்டர். நீளப் பக்கம் போன் அகலத்துக்குள் அடங்காது, குட்டைப் பக்கம் அடங்கும். திரையில் இரண்டு செங்குத்துக் கோடு, ஒரு ஸ்லைடர். கார்டை வைத்து, கோடுகள் அதன் இரண்டு ஓரத்திலும் வந்து ஒட்டும் வரை நகர்த்தச் சொல்லுங்கள். கோடுகளுக்கு இடையில் எத்தனை பிக்சலோ, அதை 53.98-ஆல் வகுங்கள். ஓலைப்பெட்டி போன் என்றால் சுமார் 860 பிக்சல் வரும், மில்லிமீட்டருக்கு 15.9. 16.5 வட்டத்துக்கு 263 பிக்சல்.

கார்டு எண் இருக்கும் பக்கம் கீழே பார்த்தபடி வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், போட்டோ எடுத்து அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள்.

#22 பழைய_ஆண்ட்ராய்டு

அந்த 15.9-ஐ பிக்சலிலேயே சேமியுங்கள், டிபியாக மாற்றாதீர்கள். டிபியாக வைத்தால் வாடிக்கையாளர் டிஸ்பிளே சைஸ் மாற்றிய அன்று மோதிரம் மாறிவிடும். சில போன்களில் திரை ரெசல்யூஷனையே 1440-லிருந்து 1080-க்கு இறக்கும் வசதி உண்டு. அப்போது பிக்சல் கணக்கும் கெடும். சேமிக்கும்போது திரையின் பிக்சல் அகலத்தையும் கூடவே எழுதி வையுங்கள், அடுத்த முறை திறக்கும்போது அது வேறாக இருந்தால் மறுபடி கார்டைக் கேளுங்கள்.